கம்பி, கண்ணாடி, வெளிச்சம்: உயிரியல் பூங்காப் படங்களில் வரும் கோளாறுகளும் அவற்றைச் சரிசெய்யும் விதமும்

உயிரியல் பூங்காவில் எடுத்த படம் சரியில்லை என்றதும் பலருக்கும் லென்ஸை மாற்றலாமா என்ற யோசனைதான் முதலில் வருகிறது. பெரும்பாலும் கோளாறு இருப்பது லென்ஸுக்கும் விலங்குக்கும் நடுவில்: கம்பிவலை, கண்ணாடி, அவற்றின் மேல் விழும் வெளிச்சம். படத்தைக் கேமராத் திரையில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி, எந்த மாதிரி கெட்டுப்போயிருக்கிறது என்று பாருங்கள். அடையாளம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தொடங்கும்போது கேமராவை இப்படி வைத்துக்கொண்டால் கீழே உள்ளவற்றில் சில வராமலே போகும்: எம் மோட் (ஷட்டரையும் திறப்பையும் நாமே வைப்பது), ஷட்டர் 1/500 விநாடி, லென்ஸ் தரும் அதிகபட்சத் திறப்பு, ஐஎஸ்ஓ எனப்படும் ஒளி உணர்திறன் ஆட்டோவில் (மேல் வரம்பு 6400), அசையும் விலங்கை விடாமல் பின்தொடரும் தொடர் ஃபோகஸ், ரா ஃபைல் (கேமரா மெருகேற்றாத மூலப் பதிவு). ஃப்ளாஷ் வேண்டாம். இருட்டில் ஃபோகஸுக்கு உதவ முன்புறம் எரியுமே ஒரு சின்ன விளக்கு, அதையும் மெனுவுக்குள் போய் அணைத்துவிடுங்கள். ஃப்ளாஷை அணைப்பவர்கள்கூட இதை மறந்துவிடுகிறார்கள்.

கம்பிவலை கட்டம் கட்டமாகத் தெரிகிறது

முதலில் அந்தப் படம் எந்த எஃப் எண்ணில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள் (எண் சிறிதானால் லென்ஸின் திறப்பு பெரிது). ஆட்டோ மோடில் விட்டிருந்தால் நல்ல வெயிலில் கேமரா தானாகவே எஃப் 8, எஃப் 11 என்று திறப்பைச் சுருக்கியிருக்கும். பத்துக்கு ஏழெட்டுப் படங்களில் காரணம் இவ்வளவுதான்.

திறப்பு ஏன் இவ்வளவு முக்கியம்? விலங்கின் உடம்பில் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து லென்ஸுக்கு வரும் ஒளி ஒரு கூம்பு மாதிரி: நுனி விலங்கின் மேல், வாய் லென்ஸின் திறப்பளவு. கம்பிவலை இந்தக் கூம்பை வழியில் எங்கோ வெட்டுகிறது. வெட்டும் இடத்தில் கூம்பு எவ்வளவு அகலமோ அவ்வளவுக்குக் கம்பி கரைந்துபோகும். குவியத்தூரத்தை (லென்ஸில் மி.மீ.யில் குறித்திருக்கும் எண்) எஃப் எண்ணால் வகுத்தால் திறப்பின் அளவு கிடைக்கும். 300 மி.மீ., எஃப் 5.6 என்றால் ஏறக்குறைய 54 மி.மீ.

இப்போது 3 மி.மீ. தடிமனுள்ள கம்பி லென்ஸிலிருந்து ஒரு மீட்டரில் இருக்கிறது, விலங்கு பத்து மீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கம்பி இருக்கும் இடத்தில் கூம்பின் அகலம் சுமார் 48 மி.மீ. கம்பி மறைப்பது அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு ஒளியை. கண்ணுக்குத் தெரியாது. அதே விலங்கு எழுந்து வந்து வலையை உரசிக்கொண்டு, லென்ஸிலிருந்து 1.2 மீட்டரில் நிற்கிறது என்றால் கூம்பு 9 மி.மீ.க்குச் சுருங்கிவிடுகிறது. அப்போது கம்பி ஐந்தில் இரண்டு பங்கு ஒளியை விழுங்கும். கட்டம் பளிச்சென்று தெரியும். விலங்கு பத்து மீட்டரிலேயே இருந்து, நீங்கள் ஜூமை 55 மி.மீ.க்குக் குறைத்தாலும் (எஃப் 5.6இல் திறப்பு 10 மி.மீ.) கிட்டத்தட்ட இதே கதிதான்.

ஆகவே செய்ய வேண்டியது, இந்த வரிசையில்:

1. எஃப் எண்ணை லென்ஸ் அனுமதிக்கும் மிகச் சிறிய எண்ணுக்குக் கொண்டுவாருங்கள்.
2. ஜூமை முழுவதும் நீட்டுங்கள். உடல் முழுவதும் வரவில்லையே என்று ஜூமைக் குறைத்தால் கம்பி திரும்பிவிடும். முகத்தை மட்டும் எடுங்கள்.
3. தடுப்புக் கட்டை அனுமதிக்கும் அளவுக்கு வலையை நெருங்குங்கள். கட்டையைத் தாண்டவோ லென்ஸை வலைக்குள் நுழைக்கவோ கூடாது.
4. விலங்கு வலையிலிருந்து இரண்டு மூன்று மீட்டராவது விலகும்வரை காத்திருங்கள்.
5. இன்னும் லேசாகத் தெரிந்தால் ஓர் அங்குலம் மேலேயோ பக்கவாட்டிலோ நகர்ந்து, கண் இருக்கும் இடம் வலைக்கண்ணின் நடுவில் விழும்படி செய்யுங்கள்.

டெலிகன்வர்ட்டர் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டி உருவத்தைப் பெரிதாக்கும் துணை லென்ஸ்) போட்டால் எஃப் எண் கூடுகிறதே, கம்பி தெரியுமோ என்ற பயம் வேண்டாம். 300 மி.மீ. எஃப் 4 லென்ஸ், 1.4 மடங்கு கன்வர்ட்டருடன் 420 மி.மீ. எஃப் 5.6 ஆகிறது, இரண்டிலும் திறப்பு 75 மி.மீ.தான். கம்பி கரைவதில் மாற்றமில்லை, வெளிச்சம் மட்டும் ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறையும்.

செல்போனுக்குக் கணக்கு தலைகீழ். அதன் திறப்பு நான்கைந்து மி.மீ. இருந்தாலே அதிகம், கம்பியைக் கரைக்கவே முடியாது. ஆனால் லென்ஸ் சின்னதாக இருப்பதால் வலைக்கண்ணுக்கு நேராகவே அதை வைத்துவிடலாம். தடுப்புக் கட்டை இல்லாத பறவைக் கூண்டுகளில் பெரிய லென்ஸ் திணறும்போது செல்போன் ஜெயிப்பது இப்படித்தான். அலகு நீளமான பறவையும் குரங்கும் இருக்கும் கூண்டில் மட்டும் இதை முயலாதீர்கள். போனைப் பிடுங்கிக்கொள்ளும்.

கம்பி தெரியவில்லை, ஆனால் படம் புகை படிந்தாற்போல் வெளிறியிருக்கிறது

வலையின் மேல் வெயில் விழுகிறது. கரைந்துபோன கம்பி வெளிச்சத்தை மறைக்காவிட்டாலும், தன் மேல் விழும் வெயிலைப் படம் முழுவதும் பூசிவிடுகிறது. கறுப்பு பெயின்ட் அடித்த வலையிலும் துருவேறிய வலையிலும் இது குறைவு. பளபளக்கும் புதுத் துத்தநாக வலையில் மிக அதிகம்.

லென்ஸுக்கு நேர் எதிரே உள்ள பகுதி மட்டும் நிழலில் இருந்தால் போதும். உடன் வந்தவரை வெயிலை மறைத்துக்கொண்டு நிற்கச் சொல்லலாம். தொப்பியோ குடையோ பிடிக்கலாம். அதுவும் முடியாவிட்டால் கூண்டைச் சுற்றி வந்து மரநிழலோ தூண்நிழலோ விழும் இடத்தைத் தேடுங்கள். காலையில் வெளிறிய அதே இடத்தில் மாலையில் வலை நிழலில் இருக்கக்கூடும். அந்தக் கூண்டைத் திரும்பும் வழியில் பார்த்துக்கொள்ளலாம். லேசான வெளிறலை ரா ஃபைலில் கறுப்பு அளவைக் கீழே இழுத்துச் சரிசெய்யலாம். ஜேபெக்கில் அவ்வளவு தூரம் இழுத்தால் ரோமம் திட்டுத்திட்டாகிவிடும்.

பின்னணியின் ஒளிப்புள்ளிகளுக்குள் கோடுகள்

இலை இடுக்கு வழியாக வரும் வெளிச்சம், தண்ணீரின் மினுமினுப்பு, இவையெல்லாம் பின்னணியில் மென்மையான வட்டங்களாக விழ வேண்டும். அந்த வட்டங்களுக்குள் பின்னல் கோடு தெரிந்தால் அது கம்பிவலையின் நிழல். திறப்பை மாற்றி இதைப் போக்க முடியாது. பின்னணியில் மினுக்கும் புள்ளிகள் இல்லாத கோணத்துக்கு நகருங்கள். மண்சுவர், நிழலான புதர் இரண்டும் நல்லது.

ஃபோகஸ் வலையிலேயே ஒட்டிக்கொள்கிறது

கேமரா பக்கத்தில் இருப்பதையும், ஒளி-இருள் வேறுபாடு அதிகமுள்ளதையும் விரும்பும். கம்பிக்கு இரண்டும் உண்டு. ஃபோகஸ் பரப்பை அகலமாக விட்டிருந்தால் அது கம்பியைத்தான் பிடிக்கும்.

ஒற்றைப் புள்ளிக்கு மாறுங்கள். கேமராவில் அதைவிடச் சிறிய புள்ளி இருந்தால் இன்னும் நல்லது. லென்ஸின் பக்கவாட்டில் ‘3 மீ – ∞’ என்பதுபோல் எழுதிய சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். அதைத் தள்ளிவிட்டால் மூன்று மீட்டருக்குள் இருக்கும் எதையும் லென்ஸ் தேடவே போகாது, கம்பி கணக்கிலிருந்தே விலகிவிடும். பூங்காவுக்கென்றே செய்துவைத்தாற்போன்ற சுவிட்ச் இது. பல பேர் லென்ஸில் ஆண்டுக்கணக்கில் தொடப்படாமல் கிடக்கிறது.

சுவிட்ச் இல்லாத லென்ஸில், வலையில்லாத பக்கம் திரும்பி, விலங்கு இருக்கும் தூரத்தில் உள்ள மரத்திலோ பலகையிலோ ஒருமுறை ஃபோகஸ் பிடித்துவிட்டு வலைப்பக்கம் திரும்புங்கள். லென்ஸ் அந்தத் தூரத்திலேயே நிற்பதால் கம்பியை விட்டு விலங்கைப் பிடிக்க வாய்ப்பு அதிகம். அதுவும் தோற்றால் கைமுறை ஃபோகஸ். படுத்திருக்கும் புலிக்கு அதுவே போதும்.

விலங்கின் கண்ணைக் கண்டுபிடிக்கும் வசதி கம்பிக்குப் பின்னாலும் பெரும்பாலும் வேலை செய்யும். கம்பி முகத்தின் குறுக்கே கூர்மையாகத் தெரிகிறபோதும், கறுத்த முகத்தில் கறுத்த கண் இருக்கும்போதும் தடுமாறும். அந்த நேரத்தில் ஒற்றைப் புள்ளிக்குத் திரும்புங்கள்.

படம் மங்கல்: மூன்றில் எது?

படம் முழுவதும், தரை உட்பட, ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆட்டம். தரையும் கல்லும் கூர்மையாக இருந்து தலையோ காலோ மட்டும் குழம்பியிருந்தால் விலங்கின் அசைவு. விலங்கு மங்கலாகவும் அதற்கு முன்னாலோ பின்னாலோ உள்ள புல் கூர்மையாகவும் இருந்தால் ஃபோகஸ் தவறு. மூன்றுக்கும் மருந்து வேறு.

கை ஆட்டத்துக்குக் குவியத்தூரமே அளவுகோல். ஏபிஎஸ்-சி சென்சாரில் (முழுச் சட்டக சென்சாரைவிடச் சிறிய வகை) 400 மி.மீ. என்றால் 1/600க்குக் கீழே இறங்காமல் இருப்பது பாதுகாப்பு. லென்ஸில் அதிர்வுக் கட்டுப்பாடு இருந்தால் 1/125 வரைகூட இறங்கலாம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: அதிர்வுக் கட்டுப்பாடு உங்கள் கையைத்தான் நிறுத்தும், விலங்கை நிறுத்தாது. தூங்கும் சிங்கத்துக்கு 1/125 போதும், விழித்து மூச்சு விட்டுக்கொண்டு காதை அசைக்கும் சிங்கத்துக்கு 1/250, நடைக்கு 1/500, குரங்கின் தாவலுக்கு 1/1000 முதல் 1/1600, சிறகடிக்கும் பறவைக்கு 1/2000. கூண்டின் ஓரமாக ஒரே தடத்தில் உலாத்தும் சிறுத்தையைப் பின்தொடர வேண்டாம். அது திரும்பும் முனையில் ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள். அந்த இடத்தில் அரை நொடி வேகம் தணிந்து தலை உங்கள் பக்கம் வரும்.

மூன்றிலும் சேராத ஒரு மங்கலும் உண்டு. வெயில் ஏறியபின் மணல், சிமென்ட் தரைக்கு மேலாக நாற்பது ஐம்பது மீட்டர் தொலைவில் உள்ள விலங்கை எடுத்தால், ஒரு படத்தில் கண் சற்றுக் கூர்மை, அடுத்ததில் கோணல், அதற்கடுத்ததில் மங்கல் என்று மாறி மாறி வரும். கானல்தான் காரணம். எந்த லென்ஸும் இதைத் தீர்க்காது. காலையில் வாருங்கள், அல்லது கிட்டத்தில் உள்ள விலங்குக்கு மாறுங்கள்.

கண்ணாடியில் நாமே தெரிகிறோம்

கண்ணாடி பிரதிபலிப்பது உங்கள் பக்கத்து வெளிச்சத்தை. லென்ஸுக்கும் கண்ணாடிக்கும் நடுவே அந்த வெளிச்சம் நுழையாமல் அடைத்துவிட்டால் தீர்ந்தது. லென்ஸின் முன்னால் மாட்டும் மடங்கும் ரப்பர் ஹுட் இதற்காகவே இருக்கிறது: கண்ணாடியில் அழுத்தி வைத்தால் விளிம்பு ஒட்டிக்கொள்ளும், லென்ஸைக் கொஞ்சம் சாய்த்தாலும் இடைவெளி விழாது. அது இல்லாவிட்டால் கறுப்புத் துணியை லென்ஸைச் சுற்றிக் கட்டி, கண்ணாடியோடு சேர்த்துப் பிடியுங்கள். வெள்ளைச் சட்டை இங்கே எதிரி. அடர்நிறச் சட்டை போட்டுக்கொண்டு போவதில் செலவு ஒன்றுமில்லை.

பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரைப் பலரும் பரிந்துரைப்பார்கள். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கண்ணாடிக்கு நேராக நின்று எடுக்கும்போது அதனால் பயனே இல்லை. கண்ணாடிப் பரப்போடு ஏறக்குறைய 34 டிகிரி சாய்வில் பார்க்கும்போதுதான் முழுப் பலன். ஆனால் தடித்த கண்ணாடி வழியாக அவ்வளவு சாய்வாக எடுத்தால் கூர்மை போய்விடும், விளிம்புகளில் இரட்டை உருவம் விழும். போதாக்குறைக்கு ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தையும் ஃபில்டர் தின்றுவிடும். உள்ளரங்கில் அதைப் பையிலேயே விட்டுவிடுங்கள்.

அக்ரிலிக் பலகைக்கு முன்னால் போலரைசர் போட்டால் வானவில் பட்டைகள் தோன்றலாம். வளைத்து அழுத்தப்பட்ட பிளாஸ்டிக்கின் குணம் அது. ஃபில்டரைக் கழற்றினால் போய்விடும்.

படம் பச்சையாக வந்தால் கண்ணாடியில் உள்ள இரும்புச் சத்துதான் காரணம். கண்ணாடி தடிக்கத் தடிக்கப் பச்சையும் கூடும். ரா ஃபைலில், நிறமற்ற சாம்பல் கல்லையோ வெள்ளை ரோமத்தையோ தொட்டு ஒயிட் பேலன்ஸை (நிறச் சமநிலையை) திருத்துங்கள். அதே கண்ணாடிக்குப் பின்னால் எடுத்த எல்லாப் படங்களுக்கும் அதே திருத்தத்தை ஒட்டிவிடலாம்.

உங்கள் பக்கத்துக் கைரேகையை மைக்ரோஃபைபர் துணியால் துடைக்கலாம். விலங்கின் பக்கத்துக் கீறலுக்கு ஒன்றும் செய்ய முடியாது. லென்ஸை ஒட்டி வைத்து, திறப்பை அகலமாக்கினால் கம்பியைப் போலவே அதுவும் கரையும்.

லென்ஸ் பனிபிடித்துவிட்டது

குளிரூட்டிய காரிலோ கட்டடத்திலோ இருந்த கேமரா ஈரமும் வெப்பமும் நிறைந்த வெப்பமண்டலக் கூடத்துக்குள் போனதும் ஆவி படியும். துடைத்தால் மறுபடி படியும். லென்ஸைக் கழற்றினால் உள்ளேயும் படியும். மூடிய பைக்குள் வைத்தே இருபது முப்பது நிமிடம் வெளியிலோ கூடத்திலோ விட்டு வையுங்கள். கூடத்தை நாளின் கடைசியில் பார்ப்பதும் ஒரு வழி. கேமரா அதற்குள் வெளி வெப்பத்துக்குப் பழகியிருக்கும்.

கறுத்த கரடி சாம்பலாகவும் வெள்ளைப் புலி அழுக்காகவும் வருகின்றன

கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் என்றே நினைக்கும். சட்டகம் முழுவதும் சிம்பன்சி நிறைந்தால் வெளிச்சத்தைக் கூட்டும். வெள்ளைப் புலி நிறைந்தால் குறைக்கும். கறுப்புக்கு −0.7 முதல் −1.3, வெள்ளைக்கு +0.7 முதல் +1.3 வரை எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் (கேமரா கணித்த வெளிச்சத்தை ஸ்டாப் கணக்கில் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) கொடுங்கள். எம் மோடில் ஐஎஸ்ஓ ஆட்டோ வைத்திருக்கும்போது சில பழைய கேமராக்கள் இதை ஏற்பதில்லை. அவற்றில் ஷட்டர் முன்னுரிமை மோடுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

ரா எடுப்பவர்கள் கறுத்த விலங்குக்கு வெளிச்சத்தைக் குறைக்க அவசரப்பட வேண்டாம். கண்ணைச் சுற்றிய கருமையில் இருக்கும் நுணுக்கம், எடுக்கும்போது வெளிச்சம் கிடைத்தால்தான் பதிவாகும். சற்று வெளிறிய கரடியைப் பிறகு கறுப்பாக்கலாம். கரியாகப் பதிவான கரடியிலிருந்து கண்ணைத் தோண்டி எடுக்க முயன்றால் புள்ளிப்புள்ளியான நாய்ஸ்தான் மிஞ்சும்.

கிளையில் உட்கார்ந்து வானத்தைப் பின்னணியாகக் கொண்ட குரங்குக்கு +1.5 அல்லது +2. வானம் வெளுத்துப்போகும், போகட்டும்.

படத்தில் குறுக்குப் பட்டைகள்

எல்இடி அல்லது குழல்விளக்கின் கீழ் மின்னணு ஷட்டரில் எடுத்திருப்பீர்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு விநாடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, 1/100 அல்லது 1/50 வையுங்கள். 60 ஹெர்ட்ஸ் உள்ள நாட்டில் 1/120 அல்லது 1/60. வேகமான ஷட்டர் தேவைப்பட்டால் கேமராவின் ஃபிளிக்கர் தடுப்பு வசதியை இயக்குங்கள்.

இரவு விலங்குக் கூடத்தில் ஒன்றும் வரவில்லை

எஃப் 5.6 ஜூமை வைத்துக்கொண்டு இங்கே போராடுவது வீண். 50 மி.மீ. எஃப் 1.8 போன்ற சின்ன லென்ஸை மாட்டுங்கள்: எஃப் 5.6ஐவிட மூன்று ஸ்டாப்புக்கும் மேல் வெளிச்சம். ஐஎஸ்ஓ 6400, ஷட்டர் 1/60, கேமராவைக் கண்ணாடியில் முட்டுக்கொடுத்து, விலங்கு அசையாத நொடியில் நாலைந்து படம் தொடராக அழுத்துங்கள். ஒன்றாவது தேறும். ஐஎஸ்ஓவைக் குறைத்து இருட்டாக எடுத்து, வீட்டில் வெளிச்சம் ஏற்றலாம் என்ற கணக்கு பெரும்பாலும் அதிக நாய்ஸில்தான் முடியும்.

சிவப்பு விளக்குள்ள கூடத்தில் மொத்த ஹிஸ்டோகிராமை (படத்தின் வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடத்தை) நம்பாதீர்கள். அது சரியாகத் தெரியும்போதே சிவப்பு நிறம் மட்டும் உச்ச வரம்பில் முட்டி நின்றிருக்கும். மூன்று நிறத்துக்கும் தனித்தனி ஹிஸ்டோகிராம் காட்டும்படி மாற்றிவையுங்கள். படத்தைக் கறுப்பு-வெள்ளையாக்கிவிடுவதே இங்கே அழகு.

வேறு யாரோ அடித்த ஃப்ளாஷில் உங்கள் படத்தில் கண்கள் பச்சையாகவோ மஞ்சளாகவோ எரிந்தால், அது பூனை இனத்துக்கும் இன்னும் பல இரவு விலங்குகளுக்கும் விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் ஒளி திருப்பும் படலம். திருத்தி ஒப்பேற்றுவதைவிட அடுத்த படத்தை எடுப்பது சுலபம்.

விலங்கு சிறிதாக விழுகிறது

கம்பியில்லாத அகழிக் காட்சியிடங்களில் வரும் குறை இது. ஜெர்மன் விலங்கு வணிகர் கார்ல் ஹேகன்பெக் 1907இல் ஹாம்பர்க் அருகே கம்பிகளை நீக்கி அகழிகளை வைத்துத் தன் பூங்காவைத் திறந்ததிலிருந்து இந்த அமைப்பு உலகெங்கும் பரவியது. பார்வைக்கு விருந்து, படமெடுப்பவருக்கோ தூரமும் மேலிருந்து பார்க்கும் கோணமும் தலைவலி.

எவ்வளவு நீள லென்ஸ் வேண்டும் என்பதை வாங்குவதற்கு முன்பே கணக்கிடலாம். விலங்கின் உயரத்தைக் குவியத்தூரத்தால் பெருக்கி, தூரத்தால் வகுத்தால் சென்சாரில் விழும் உயரம் கிடைக்கும். ஒரு மீட்டர் உயரப் புலி, இருபது மீட்டர் தூரம், 300 மி.மீ. லென்ஸ்: 15 மி.மீ. ஏபிஎஸ்-சி சென்சாரின் உயரமும் ஏறக்குறைய அவ்வளவே, எனவே சட்டகம் நிறைந்துவிடும். 24 மி.மீ. உயரமுள்ள முழுச் சட்டக சென்சாரில் அதே அளவுக்கு நிறைய 480 மி.மீ. வேண்டும். பூங்காவுக்கு மட்டும் என்றால் ஏபிஎஸ்-சி கேமராவும் 70-300 அல்லது 100-400 ஜூமும் போதுமானவை என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. உள்ளரங்கமும் கண்ணாடியும் அதிகமுள்ள பூங்கா என்றால் 70-200 எஃப் 2.8. எஃப் 5.6 ஜூமில் இரண்டு மடங்கு கன்வர்ட்டர் மாட்டினால் எஃப் 11 ஆகிவிடும். பல டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் அத்தோடு ஆட்டோ ஃபோகஸ் படுத்துவிடும்.

மேலிருந்து பார்க்கும் கோணத்துக்கு, அகழியின் மிகத் தூரமான கரையில் விலங்கு இருக்கும்போது எடுங்கள். தூரம் கூடக் கூடக் கோணம் தட்டையாகும். கண்காணிப்பு மேடை இரண்டு அடுக்கு என்றால் கீழ் அடுக்கில், குழந்தைகள் எட்டிப்பார்க்கும் உயரத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். விலங்கின் கண்மட்டத்துக்கு மிக அருகில் வருவது பெரும்பாலும் அந்த இடம்தான். கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்ற முடிந்தால் முக்காலி இல்லாமலே 1/125 நிற்கும்.